நாவின் அவாவும் உயிரின் பசியும்

உடம்பொடு கூடி வாழும் உயிர்கட்கெல்லாம் உண்டி இன்றியமையாதது. அவ்வுண்டியைப் பற்றி நம்மிடத்து எழுவன மூன்று. வயிற்றின்கண் எழுவது பசி. நாவின்கண் எழுவது சுவையுணர்ச்சி. வயிறு நிறைந்த பின்னும், நாச் சலித்த பின்னும், 'இன்னும் இன்னும்' என்று உந்தி நிற்பது அவா. முன்னிரண்டும் விலங்குகட்கும் உள. மூன்றாவது மக்கட்குச் சிறப்பாக உரியது. பசு வயிறு நிறைந்தவழிப் புல்லை விட்டு நிழலிற் சென்று அசைபோடும். மனிதனோ துன்புற்றவழி உண்கின்றான், களிப்புற்றவழி உண்கின்றான், செய்தற்கு யாதும் இல்லாதவழியும் உண்கின்றான். உண்டபின் தன்னைத் தானே நொந்து, அந்நோவு தீர மீட்டும் உண்கின்றான். இவ்வவா யாண்டிருந்து வருகின்றது, யாருடையது, இதனை என் செய்வது என்பனவே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியை யடுத்த நாரணாபுரத்தின்கண் அன்பர் சிலர் கூட்டிய அவையில் இதுபற்றிச் சில கூறினேம். அவையோருட் பெரும்பாலார் பட்டாசுத் தொழிலாளர். ஆதலின் தத்துவப் பெயர்களை ஆங்கு அடுக்கினேமல்லேம். அக்கூற்றை இவ்விதழ் வாயிலாகப் புலவர்க்கும் திருமடங்களைச் சார்ந்த அடியார்க்கும் எழுத்தில் வைத்தல் வேண்டுமென நண்பர் விரும்பியமையின், ஆங்குச் சொல்லாது விடுத்த சாத்திரப் பகுதியையுஞ் சேர்த்து இதனை வரைகின்றேம்.

அந்நாட்டின் இயல்பறியாதார்க்கு முன்னர்ச் சிறிது கூறல் வேண்டும். காசியினின்று தென்காசிக்குச் சிவலிங்கங் கொண்டு சென்ற பராக்கிரம பாண்டியன், பெருமான் இடைவழியில் இவ்வூரிலேயே தங்கத் திருவுளங் கொண்ட குறிப்பறிந்து ஈண்டே எழுந்தருளுவித்தான் என்பது தலவரலாறு. அக்காசி விசுவநாதர் பெயரானே ஊருஞ் சிவகாசியாயிற்று. வானம் பொய்க்குங் கரிசல் நிலம். கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த நாடு. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று மீண்டனர். அதன்வழிப் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் பெருகின. மழை குறைந்த வறண்ட காற்று உழுவானுக்குப் பகையாயினும் வெடிமருந்து உலர்த்துவானுக்கு நட்பாயிற்று.

இத்தொழிலின்கண் அச்சம் நாடோறும் உடனிருந்து உண்ணும் விருந்து போல்வது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதின்மர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் முன்னும் பின்னும் நேர்ந்தன பல. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரிய உப்புக்களையும் சரவெடியையும் விலக்கித் தீர்ப்பளித்தபின் ஆலைகள் பல திங்கள் மூடிக் கிடந்தன. அப்பொழுது அச்சம் வேறு வடிவிற் புகுந்தது. தீபாவளிக்கு முந்திய திங்கள்களில் ஓய்வற்ற வேலை. அது கழிந்தபின் வேலையின்மை. கூலியோ பெரும்பாலும் செய்த உருப்படிக் கணக்கு. இறுகியும் தளர்ந்தும் செல்லும் இவ்வாழ்வில் மனம் எதனைப் பற்றும்? கைக்கெட்டும் தொலைவில் உள்ளதனைப் பற்றும். கிழக்கே சாத்தூர்ச் சேவு. மேற்கே திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா. தெற்கே கோவிற்பட்டிக் கடலைமிட்டாய். வடக்கே விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா. இவற்றுட் பால்கோவா 2019-லும் கடலைமிட்டாய் 2020-லும் அரசினரின் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டன. நாற்றிசையும் சுவைக்குப் பெயர்போன ஊர்கள் வளைந்து நிற்ப, நடுவே அகப்பட்ட நாக்கு என் செய்யும் என்று அவையில் நகையாகக் கூறினேம். எல்லாரும் நகைத்தனர், ஓரம்மையார் மட்டும் நகைத்திலர்.

கூட்டங் கலைந்தபின் அவர் எம்பால் வந்து, "ஐயா, விடியற்காலை ஆலை வண்டியில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குகிறேன். ஆலைக்குள் இருக்கிறவரை ஒன்றும் தோன்றுவதில்லை. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டவுடன் கை தானாகச் சேவுப் பொட்டலத்துக்குப் போகிறது. சோறு தின்ற பிறகும் போகிறது. வயிறு கேட்கவில்லை, ஐயா, மனசு கேட்கிறது. சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். விரதம் இருந்தும் பார்த்தேன். மறுநாள் இரண்டு மடங்கு தின்றேன். நான் பாவியா?" என்று வினவினார். அவர் கணவர் சில யாண்டுகட்கு முன் வேலைசெய்த இடத்துத் தீவிபத்தில் மறைந்தவர் என்பதைப் பின்னர் அறிந்தேம்.

சாத்திரங் கற்றார் பலர் சூழ்ந்த அவைகளிலும் இத்துணைத் தெளிவான வினா எழக் கேட்டதில்லை. வயிறு வேறு, மனம் வேறு என்று அவர் பகுத்தமையே விடையிற் பாதியாம். பாவியா என்றதற்கு மட்டும் அப்பொழுதே, "அல்லீர், அம்மா" என்றேம். ஏனைய விடை பின்வருவது.

முதற்கண், வயிறு குற்றமற்றது. ஔவையார் நல்வழியில் தம் வயிற்றை நொந்து பாடிய பாட்டைப் பலரும் வயிற்றின்மேற் சுமத்திய வழக்காகவே கொள்வர். ஊன்றி நோக்குவார்க்கு வேறொன்று புலனாம். உண்ணாதிருக்க உடன்படாத அவ்வயிறு, அளவிறந்து ஏற்கவும் உடன்படுவதில்லை என்பதும் ஆண்டே போதரும். தனக்கு வேண்டுவதும் வேண்டாததும் அறிந்தது அது. திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்துக் குறள் பத்தனுள் ஆறனை உண்ணும் அளவுக்கும் முறைக்குமே ஒதுக்கி, முன்னுண்டது செரித்தமை தெரிந்து பின்னுண்ணுமாறு கூறுதலின், வயிற்றின் சான்றையே பெருந்துணையாகக் கொண்டார். இக்காலத்து உடல்நூலாரும் இதற்கு மாறு கூறிற்றிலர். 1994-இல் உடற்கொழுப்பிற் சுரந்து 'போதும்' என மூளைக்கு உணர்த்தும் லெப்டின் என்னும் பொருள் கண்டறியப்பட்டது. 1999-இல் சப்பானிய ஆராய்ச்சியாளர் இரைப்பையிற் சுரந்து 'வேண்டும்' என உணர்த்தும் பொருளைக் கண்டு கிரெலின் எனப் பெயரிட்டனர். வேண்டும் என்றற்கு ஒரு தூதும் போதும் என்றற்கு ஒரு தூதுமாக இறைவன் உடம்பகத்தே அமைத்தருளினான். தூதர் வாய்மையர். உடல் பெருக்க நெடுங்காலம் மிகையுண்டார்க்கு 'போதும்' என்னுந் தூது செவியேறாது மழுங்கும் என்றும் அந்நூலார் கூறுவர். அது தூதின் குற்றமன்று.

நாக்கும் குற்றமற்றது. ஞானேந்திரியம் ஐந்தனுள் ஒன்றாகிய சிங்குவை, இஃது உப்பு, இஃது இனிப்பு எனச் சுவையை அறிவிக்குந் துணையே செய்வது. அது கொணர்ந்ததனைச் சித்தம் சிந்திக்கும்; மனம் பற்றி ஐயுறும்; அகங்காரம் யான் இதனைத் துணிவேன் என்று எழும்; புத்தி நிச்சயிக்கும். இவையாவும் சடம். சடம் அவாவுதல் யாண்டுமில்லை. பாயசத்துட் கிடக்குங் கரண்டி பாயசத்தை விரும்புமோ?

அவாவுவது உயிரே. உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் இயல்பின் உள. அவை ஆணவத்தான் மறைப்புண்டு கிடப்ப, மாயையின் காரியமாகிய வித்தியாதத்துவங்கள், இருளில் ஏற்றிய சிறு விளக்குப்போல, அவற்றை ஒருபுடை விளக்கும். கலை கிரியையை எழுப்பும். வித்தை அறிவை எழுப்பும். அராகம் இச்சையை எழுப்பி, வினைக்கீடாக இதன்மேற் செல்க எனச் செலுத்தும். ஆகவே நாரணாபுரத்து அம்மையாரின் கையைப் பொட்டலத்துக்குச் செலுத்தியது வயிறுமன்று, நாவுமன்று. அராகத்தின்வழி எழுந்த உயிரின் இச்சையே என்க.

ஈண்டு நம்மவருட் சிலர் ஒரு வழுக்குறுவர். இச்சையே மலம், அதனைக் கொன்றொழித்தலே வீடு என்பர். அது நம் சித்தாந்தமன்று. இச்சை உயிரின் ஆற்றல், அழிக்கப்படுவதன்று. வீட்டின்கண்ணும் உயிர் சிவானந்தத்தை நுகர்கின்றது என்று கொள்ளும் நமக்கு, நுகரும் விருப்பாற்றலே இல்லையாமெனின் அந்நுகர்ச்சி யாங்ஙனங் கூடும்? இச்சை சிவத்தை நோக்கிச் செல்லுதற்கு அமைந்தது. இடையே மலமறைப்பினால், கிட்டியதொன்றை அதுவென்று மயங்கிச் சாரும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் தன்மையாகலின், சேவைச் சார்ந்த அந்நாழிகையில் அது சேவாகவே நிற்கும், துயரந் தோன்றாது. சேவு தீர்ந்தபின் துயரம் முன்னின்றவிடத்தே நிற்கும். அவா என்பது முகவரி பிழைத்த ஓலை. ஓலையைக் கிழித்தெறிதலாற் பயனென்னை? உரியவனிடத்துச் சேர்ப்பித்தலே செயற்பாலது.

துயருற்றவழி உயிர் ஏனைய பொருள்களை விட்டு உண்டியையே சாருதற்குக் காரணம் என்னை எனின், கூறுதும். பிறந்த மகவின் அழுகைக்குத் தாய் தந்த முதன் மறுமொழி பால். பசித்து அழினும் பால். அஞ்சி அழினும் பால். உறக்கம் வாராது அழினும் பால். துயரும் உண்டியும் அன்றே முடிச்சிடப்பட்டன. நாற்பது யாண்டு கழிந்தபின் தாயும் இல்லை, கணவனும் இல்லை. முடிச்சு மட்டும் உள்ளது. நெடுநாள் அச்சமுங் கவலையும் உற்றார்க்குக் கார்ட்டிசால் என்னுஞ் சுரப்பு மிகுதலின், இனிப்பும் கொழுப்பும் மிக்க பண்டங்களின்மேல் வேட்கை எழும் என்று மருத்துவர் கூறுவதும் இதனோடு இயையும். ஆலைக்குட் கழியும் பொழுதெல்லாம் தீப்பொறிக்கு அஞ்சி அடக்கிய மனம், வீடு வந்து விளக்கேற்றியவுடன் தன் கடனைக் கேட்கின்றது. அதற்கு அம்மையார் அறிந்த நாணயம் அஃதொன்றே.

பசியையும் அவாவையும் வேறு பிரித்தறியும் அடையாளங் கேட்பார்க்கு ஒன்று சொல்லலாம். பசி மெல்ல மெல்ல ஏறும். அவா ஒரு நொடியில் வந்து கதவைத் தட்டும். பசி கூழையும் ஏற்கும். அவா, 'கூழ் வேண்டா, சேவே வேண்டும்' என்று பெயர் சொல்லிக் கேட்கும். பசித்துண்டவன் உண்டபின் ஒன்றும் நினையான். அவாவால் உண்டவன் உண்டபின் நாணுவான்.

இனி, அவாவைப் பட்டினியால் வெல்லப் புகுவார் செய்தி. 1944, 45-ஆம் ஆண்டுகளில், உலகப்போர் நிகழ்ந்த காலத்து, அமெரிக்க நாட்டு மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீசு என்பார் ஓராராய்ச்சி செய்தார். கொலைத்தொழிலுக்கு மனச்சான்று இடந்தாராமையிற் போர்க்களம் புகாது, இதற்குத் தாமே இசைந்து வந்த இளைஞர் 36 பேர். அவர்க்கு ஏறக்குறைய ஆறு திங்கள் அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டது. நல்லொழுக்கமும் உறுதியும் மிக்க அவ்விளைஞர் என்னாயினர்? உண்டியன்றி வேறு நினைவு அற்றனர். சமையல் நூல்களை விரும்பிப் படித்தனர். கனவிலும் உணவே கண்டனர். உணவு மீளப் பெற்றபின்னும் அவருட் பலர் வயிறு கொள்ளுமளவு உண்டும் நிறைவு காணாராயினர். அவர் அவாவை உடன்கொண்டு வந்தாரல்லர். பட்டினியே அதனை விளைத்தது. அம்மையார் விரதத்தின் மறுநாள் இருமடங்கு உண்டது அவர் பாவமன்று, உடம்பின் நியதி என்பது இதனால் விளங்கும்.

அற்றேல், விரதங் கூறும் நூல்கள் பிழைபட்டனவோ எனின், அன்று. விரதம் உண்ணாமை மட்டுமன்று. சிவராத்திரியின் நான்கு யாமமும் பூசை உண்மையின் ஆண்டு உயிர்க்குச் சார்பு உண்டு. உண்ணாமை அச்சார்பின் நிழலாய்த் தானே உடன் வரும். சார்பு இன்றி உணவைமட்டும் பறித்தால் உயிர் பற்றுக்கோடின்றித் தவித்து, பறிக்கப்பட்டதனையே நினைந்து கிடக்கும். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்லுதும்: சர்க்கரை நோய்க்கு மருந்து கொள்வார் மருத்துவரைக் கேளாது உபவாசம் இருத்தல் உயிர்க்கே கேடு சூழ்வதாம். 2023-இல் வெளியான ஆராய்ச்சியொன்று இந்நாட்டிற் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர்க்கு அந்நோய் உண்டென்று கணித்தது. விரதங் கூறும் ஆசிரியன்மார் முதலில் அன்பரின் உடல்நிலையை வினவுதல் வேண்டும். உண்பதும், உண்டதனை வலிந்து கக்குவதுமாக இவ்வவா முற்றியவிடத்து, அது சொற்பொழிவுக்கு உரிய பொருளன்று. மனநோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலே கடன்.

மணிமேகலை பௌத்த நூலாயினும் அதனுட் காயசண்டிகையின் கதை இப்பொருளுக்கு ஏற்ற சான்றாகலின் தள்ளேம். விருச்சிக முனிவன் பன்னீராண்டிற்கு ஒருகால் உண்டற்கு வைத்த நாவற்கனியைக் காலாற் சிதைத்தமையின் யானைத்தீ என்னும் பெரும்பசி நோய்க்கு ஆளானவள் அவள். எத்துணை உண்டும் தணியாத அத்தீ, ஆதிரை முதற்கண் பிச்சையிட்ட அமுதசுரபியினின்று மணிமேகலை அளித்த உணவால் தணிந்தது. அதற்கு முன்னரும் அவள் உண்டது சோறே. பின்னர் உண்டதும் சோறே. வேற்றுமை சோற்றிலன்று, இட்ட கையில் என்றே யாம் கொள்வேம். தனித்திருந்து பொட்டலத்தினின்று உண்ணும் உண்டிக்கு இடும் கை இல்லை. அதனாற்றான் அது நிறைவதுமில்லை.

நம் பெரியபுராணத்துள்ளும் அவாவின் கதை ஒன்று உண்டு. அதனை அவ்வாறு நோக்குவார் சிலரே. காரைக்காலிற் பரமதத்தன் வீட்டிற்கு விடுத்த மாங்கனி இரண்டனுள் ஒன்றனைப் புனிதவதியார் பசித்து வந்த சிவனடியார்க்கு இட்டார். மற்றொன்றைக் கணவனுக்கு இட, அவன் அதன் சுவையில் ஆராமை எய்தி, எஞ்சியதனையும் இடுக என்றான். இந்த ஒரு சொல்லிலிருந்தன்றோ அம்மையார் வரலாறு முழுதும் விரிந்தது! அருளாற் கிடைத்த கனி முன்னையதினும் பன்மடங்கு இனித்தது. இனித்தவழி அதனைத் தந்தவனை நாடினானல்லன். மீட்டும் ஒரு கனி வருவித்துக் காட்டுக என்றான். வந்த கனி அவன் கையினின்று மறைந்தது. பரமதத்தனை இகழ்வது எம் கருத்தன்று. அவன் நாவும் பிழைத்ததில்லை, சுவையை உள்ளவாறே அறிந்தது. சுவை காட்டிய வழியே மேலேறிச் செல்லாது, வந்தவழியே மீண்டு கனிக்குத் திரும்பினான், அவ்வளவே.

திருக்காளத்தியிற் கண்ணப்பர் செய்தி இதற்கு மறுதலை. அவர் ஊனைத் தீயிற் காய்ச்சி, நாவில் இட்டுச் சுவை தேர்ந்து, இனியதனை இறைவற்கென வைத்து, அல்லாததனைக் கழித்தார். நாவின் தொழில் சிறிதுங் குறைந்ததில்லை. நம்மினும் நுண்ணிதாகச் சுவைத்தார். ஆயினும் பசித்திருந்தும் தாம் உண்டிலர். உடன்வந்த வேடர் இவர் தெய்வமயக்கம் உற்றார் என மருண்டனர். சுவை முழுதும் உண்டு, அவா அணுத்துணையும் இல்லை. நாவைச் சுட்டுவிடுக, உப்பை விடுக, புளியை விடுக என்பாரை நோக்கி, கண்ணப்பர் யாது விட்டார் என்று வினவுமின். அவர் ஒன்றும் விட்டிலர். யாருக்கு என்பதனை மட்டும் மாற்றினார்.

இதுவே நாரணாபுரத்து அம்மையார்க்கு யாம் சொல்லிய விடையின் கரு. "அம்மா, சேவை விடும்படி சொல்லவில்லை. வீடு வந்தவுடன் முதலிற் கைகால் கழுவுங்கள். மருந்துத்தூள் கையோடு உண்ணலாகாது. விளக்கேற்றி, உண்ண நினைத்ததனைப் பொட்டலத்தினின்று ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு, காசி விசுவநாதர் படத்தின் முன் வையுங்கள். திருவைந்தெழுத்தை நூற்றெட்டு உரு எண்ணுங்கள். அதன்பின்னும் வேண்டியிருந்தால் அக்கிண்ணத்தளவு அவர் பிரசாதமாக உண்ணுங்கள். அருகில் பேரப்பிள்ளை இருந்தால் அதற்கும் பங்கு கொடுங்கள்" என்றேம். கைக்கும் வாய்க்கும் இடையே யாதும் இல்லாதிருந்த வழியில் ஒருவரை நிறுத்தினேம், வழியை அடைத்தேமல்லேம். அவ்விடைவெளியில் உயிர் தான் எதனை வேண்டுகின்றது என்பதைத் தானே காண இயலும். சில நாள் கிண்ணம் உண்ணப்படும். சில நாள் அழுகை வரும். "அவரை நினைத்து அழுகை வந்தால் அழுங்கள், அதனைத் தின்பண்டத்தால் அடைக்க வேண்டா" என்றும் சொன்னேம். அவர் அங்கேயே சிறிது அழுதார்.

மற்றொன்று, நண்பகலுணவு. உருப்படிக் கணக்குக் குறையுமென்று பகலிற் சோற்றை அரைகுறையாய் விழுங்கி எழுவது அப்பக்கத்து வழக்கமாயிற்று. பகலிற் பசி வந்தபொழுது மதியாதார்க்கு அது மாலையில் அவா வேடம் பூண்டு வரும். கரிசற்காட்டுக் குதிரைவாலிச் சோறும் கம்பங்கூழும் பருப்புங் கீரையும் அவர் பாட்டன்மார் உண்டவை, மெல்லச் செரிப்பவை, இன்று மைதாமாவுக்கு இடங் கொடுத்து ஒதுங்கி நிற்கின்றன. பிறரொடு கூடிக் காகிதம் ஒட்டும் பசைக்கும் தனித்திருந்து பிய்த்துண்ணும் பரோட்டாவிற்கும் பொருள் ஒன்றே என்று ஓரிளைஞர் அவையிற் குறும்பாகக் கூறினார், மறுக்க இயலவில்லை. அதே மாவட்டத்துத் திருச்சுழியில் 1879-இற் பிறந்த இரமண முனிவர், ஆன்ம விசாரத்திற்குத் துணையாவனவற்றுள் அளவான சாத்துவிக உணவைத் தலையாயதாக வைத்தார். அவர் கொள்கையொடு நாம் பல இடங்களில் வேறுபடினும் இவ்விடத்து வேறுபாடில்லை.

இனிப் புலவர்க்குரிய ஐயம் ஒன்று. உண்ணும் உணவும் அதன் சுவையும் பிராரத்தமாயின், அவ்வூழ் வழியே நிகழட்டும், நாம் இடைப்புகுவதென்னை என்பார் உளர். சுவை வந்து பொருந்துதல் பிராரத்தம். அஃது ஊட்டாது கழியாது. அச்சுவையின்கண் 'யான் பெற்றேன், எனக்கு இன்னும் வேண்டும்' என எழுவது ஆகாமியம். இது புதிதாக ஏறுவது. முன்னையதைத் தடுத்தல் நம்மாலாகாது. பின்னையது ஏறாமற் காத்தற்கே, இறைவனுக்கு முன்வைத்து உண்ணும் நெறி ஏற்பட்டது. நிவேதனம் என்பது கோயிற் சடங்கு மட்டுமன்று. ஒவ்வோர் உண்கலத்தின்முன்னும் நிகழவேண்டுவதோர் ஆகாமியக் காப்பு. இனிய சோறும் ஊசிய சோறும் ஒருநிகராக வந்துற, இரண்டிலும் தந்தவன் கையையே காண்டல் இருவினையொப்பின் ஒரு சிறு தொடக்கம் எனினும் அமையும்.

உமாபதி தேவர் வரலாறு இதற்கு இலக்கியம். தில்லைவாழந்தணர் மரபில் வந்து பல்லக்கிற் சென்றவர், மறைஞானசம்பந்தர் ஓதிய ஒரு சொற்கு இறங்கி அவர்பின் நடந்தார். நெசவாளர் தெருவிற் பாவுக்கென வைத்த கூழை ஆசிரியர் சிவப்பிரசாதமென்று இரு கையும் ஏந்திப் பருக, முழங்கைவழி ஒழுகியதனை உமாபதியார் ஏந்திப் பருகினார் என்பது கேள்வி. நூற்பாவுக்கு இட்ட அக்கூழுக்கு என்ன சுவை இருந்திருத்தல் கூடும்? நாக்கு உண்மையே கூறியிருக்கும். ஆயினும் அதன்பொருட்டுத் தில்லை மூவாயிரவர் கூட்டத்தையே அவர் இழந்தார். சித்தாந்த அட்டகம் நமக்குக் கிடைத்தது.

இவ்விதழைப் பயில்வாருட் பலர் திருமடங்களிற் பயில்வாராதலின் ஒன்று கூறல் தவறாகாது. குருபூசைப் பந்தியில் எத்துணை வகைக் கறி, எத்துணை வகை இனிப்பு என்பதே பூசையின் அளவுகோலாக ஆகிவருவதை அன்பர் யாவரும் அறிவர். மாகேசுர பூசை அடியாரை ஊட்டும் சிவபுண்ணியம், ஐயமில்லை. ஆயினும் காவி உடுத்த வயிற்றிலும் தனிமையும் துயரும் உண்டு. இளமையிற் பெற்றோரை விட்டுத் துறவு புகுந்த தம்பிரான்மார்க்கு அஃது இன்னும் மிகுதி. அத்துயரை வினவுவார் இன்றிப் பால்பாயசம் மட்டும் மீண்டும் மீண்டும் வார்க்கப்படுமாயின், நாரணாபுரத்துச் சேவுப் பொட்டலத்திற்கும் அவ்விலைக்கும் யாம் வேற்றுமை காணேம். மூத்த தம்பிரான்மார் இளையாரை உணவுக்கு முன் ஒரு நாழிகை அருகிருத்தி, உள்ளத்து நிகழ்வதனைக் கேட்டல் நன்று. உபதேசம் அதன்பின்னும் செய்யலாம்.

ஓரெல்லையும் ஈண்டு இடுதல் வேண்டும். இதுகாறுங் கூறியன யாவும் உண்டி உள்ளார்க்கே. ஆலை மூடிய திங்கள்களில் அடுப்பெரியாத வீடுகளும் அவ்வூர்களில் இருந்தன. ஆண்டுச் சென்று அவாவடக்கம் பேசுதல் சைவமன்று. இளையான்குடி மாறனார் நள்ளிரவில் மழையில் நனைந்து, பகல் விதைத்த முளைநெல்லை வாரிவந்து அடியார்க்கு அமுதாக்கினார். அடியாரது பசி மெய்ப்பசியா, நாவவாவா என்று ஆராய்ந்தாரல்லர். திருச்சுழியலைப் பாடிய சுந்தரமூர்த்தி நாயனார் திருக்கச்சூரிற் கோயிற் புறத்தே பசியால் வருந்தியிருந்தபொழுது, பெருமான் அந்தணர் வடிவில் வந்து, "இங்கே இருப்பீராக" என்று கூறி, நண்பகல் வெயிலில் ஊரில் வீடுதோறும் சென்று சோறுங் கறியும் இரந்து கொணர்ந்து அவரையும் அடியாரையும் உண்பித்து மறைந்தருளினான்.